ரசிகர் படைப்பும் பதிப்புரிமையும்: வெளியிடுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

ஒரு நாவலையோ படத்தையோ மனதாரக் கொண்டாடுகிறவர்கள் அதை ஒருமுறை பார்த்து முடித்ததோடு விட்டுவிடுவதில்லை. கதாநாயகியை வரைகிறார்கள், கதை முடிந்த இடத்திலிருந்து மேற்கொண்டு எழுதுகிறார்கள், காட்சிகளைத் தொகுத்து எடிட் செய்கிறார்கள், பின்னணி இசையைத் தங்கள் கருவியில் வாசித்துப் பதிவேற்றுகிறார்கள். அவர்களில் பலர், காணொளியின் கீழே இரண்டு குறிப்புகளைச் சேர்த்துவிட்டால் போதும் என்று நம்புகிறார்கள். ஒன்று, "உரிமை அனைத்தும் உரியவர்களுக்கே" என்ற வரி. மற்றொன்று, நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கும் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107ஆம் பிரிவைச் சுட்டும் ஆங்கிலப் பத்தி. பெயர் குறிப்பிடுவது மரியாதை, அதைச் செய்யத்தான் வேண்டும்; ஆனால் அது அனுமதி ஆகிவிடாது. 107ஆம் பிரிவோ அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் வழக்கு வந்தால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படிதான் விசாரிப்பார்கள்.

இதனால் ரசிகருக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று பயப்படவும் தேவையில்லை. மூலத்திலிருந்து எதை எடுத்தோம், அதன்மேல் நம்முடையதாக எதைச் சேர்த்தோம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான விடை வைத்திருப்பவருக்கு நிற்க இடம் இருக்கிறது. அந்த விடையை வெளியிடுவதற்கு முன்பே எப்படித் தயார் செய்வது என்பதைத்தான் கீழே விளக்கியிருக்கிறேன்.

மூலத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பாருங்கள்

பதிப்புரிமை என்பது ஒரு படைப்பு முழுவதற்கும் ஒரே பூட்டாகப் போடப்படுவதில்லை. ஒரே கதையின் எழுத்துக்கு ஒருவர், ஓவியத்துக்கு இன்னொருவர், படத்துக்கு மூன்றாமவர் என்று உரிமையாளர்கள் வேறுபடுவார்கள். அவரவர் உரிமை முடியும் காலமும் வேறுபடும். தமிழ் ரசிகர்கள் அதிகம் வரைந்தும் எழுதியும் வரும் பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்வோம்.

கல்கி அந்தக் கதையை 1950 முதல் 1954 வரை தொடராக எழுதினார். 1954 டிசம்பர் 5 அன்று மறைந்தார். எழுத்தாளர் மறைந்த ஆண்டு முடிந்த பிறகு மேலும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும் என்பது இந்தியச் சட்டம். அந்தக் கணக்குப்படி 2014ஆம் ஆண்டோடு நாவலின் உரிமை முடிந்துவிட்டது. அதற்கு முன்பே தமிழக அரசு கல்கியின் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியிருந்தது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் அறிவுசார் சொத்துச் சட்டம் 70 ஆண்டுகள் என்று வைத்திருப்பதால், அங்கே 2024ஆம் ஆண்டு முடிவுவரை கணக்கிட வேண்டும். ஆக, இன்று இரு நாடுகளிலும் வந்தியத்தேவனை வைத்து நீங்கள் புதிய நாவல் எழுதலாம், அச்சிடலாம், விற்கலாம்; யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆனால் தொடர் வந்த காலத்தில் மணியம் வரைந்த ஓவியங்கள் வேறு அடுக்கு. மணியம் 1968இல் மறைந்தார். அவருடைய ஓவியங்களின் உரிமைக்காலம் 2028 முடிய ஓடுகிறது. கதை பொதுவுடைமை ஆகிவிட்டது என்பதற்காக அந்தக் கோட்டோவியத்தின்மேல் தாளை வைத்துப் பிரதியெடுத்து வண்ணம் தீட்டி வெளியிட முடியாது. மணிரத்னத்தின் இரண்டு படங்கள் 2022இலும் 2023இலும் வெளிவந்தவை. திரைப்படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் என்பதால், அவற்றின் காட்சிகள், படத்துக்கென்று எழுதிய வசனங்கள், அதற்காக வடிவமைத்த ஆடை அணிகலன்கள், இசை ஆகியவை நம் காலம் முழுவதும் உரிமைக்கு உட்பட்டே இருக்கும்.

இதை நடைமுறையில் எப்படிப் பயன்படுத்துவது? குந்தவையை வரைய உட்காருகிறீர்கள் என்றால், திரையில் பார்த்த நகையையும் கொண்டையையும் மனதிலிருந்து தள்ளிவைத்துவிட்டு நாவலைத் திறவுங்கள். நந்தினியையும் குந்தவையையும் கல்கி அருகருகே நிறுத்தி வர்ணித்த இடம் ஒன்று உண்டு: நந்தினிக்கு முழுநிலவு போன்ற வட்ட முகம், பொன்னிற மேனி, குந்தவைக்குச் சிலை வடித்தது போலச் சற்று நீண்ட முகம், செந்தாமரை நிறம். அந்த வர்ணனையிலிருந்து தொடங்கி, ஆடைக்கும் அணிக்கும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்த்து நீங்களே முடிவெடுத்தால், கிடைக்கும் குந்தவை முழுக்க முழுக்க உங்களுடையவள். அப்படி வரையப்பட்ட ஓவியங்களே பார்ப்பவர் மனதிலும் நிலைக்கின்றன என்பது என் அனுபவம்.

வேறு எந்த மூலத்தை எடுத்தாலும் இதே முறைதான். ஒரு தாளில் அதன் அடுக்குகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உருவாக்கியவர், வெளியான ஆண்டு, இன்றைய உரிமையாளர் ஆகிய மூன்றையும் குறியுங்கள். திரைப்பாடலானால் பாடல் வரி, மெட்டு, ஒலிப்பதிவு என்று குறைந்தது மூன்று உரிமைகள் உண்டு. பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமையும் உண்டு. பாரதியின் பாடல் வரி அனைவருக்கும் சொந்தம் என்பதற்காக, அதை ஒரு படத்தில் பாடிய ஒலிப்பதிவும் அனைவருக்கும் சொந்தமாகிவிடாது.

கருத்துக்கு உரிமை இல்லை, வெளிப்பாட்டுக்கு உண்டு

மூலத்தின் உரிமை இன்னும் முடியவில்லை என்றால், அடுத்துக் கேட்க வேண்டியது: நாம் எடுப்பது கருவையா, உருவாக்கத்தையா? உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. ஒரு நாடகமும் ஒரு திரைப்படமும் மாநில வேற்றுமை என்ற ஒரே கருவைக் கையாண்டிருந்தன. கருவுக்கோ, கதைப்பொருளுக்கோ, வரலாற்று நிகழ்வுக்கோ பதிப்புரிமை கிடையாது. இரண்டையும் பார்த்த ஒருவருக்குப் பின்னது முன்னதன் நகல் என்ற எண்ணம் ஐயமின்றி எழுந்தால்தான் மீறல் என்று நீதிமன்றம் சொன்னது. இந்த அளவுகோலை நீங்களே வைத்துப் பார்க்கலாம். உங்கள் கதையை, மூலத்தை நன்கு அறிந்த, ஆனால் உங்களுக்கு நெருக்கமில்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, எந்தெந்த இடத்தில் மூலத்தின் காட்சியே அப்படியே வந்து நிற்கிறது என்று குறித்துத் தரச் சொல்லுங்கள்.

கதாபாத்திரங்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பெயரை மட்டும் மாற்றிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் சரியன்று. நாகராஜ் என்ற காமிக்ஸ் நாயகனை ஒத்து நாகேஷ் என்ற இன்னொருவன் வெளிவந்தபோது, தோற்றமும் பாம்புச் சக்திகளும் ஒத்திருந்ததைப் பார்த்து டெல்லி உயர் நீதிமன்றம் 1997இல் இடைக்காலத் தடை விதித்தது. பொதுவான குணவார்ப்புகளை, அதாவது கோபக்கார அண்ணன், ஊர்ப்பெரியவர், ஓயாமல் பேசும் தோழி போன்றவர்களை, யாரும் எழுதலாம். ஒரு குறிப்பிட்ட படைப்பில் மட்டுமே உள்ள தோற்றம், பேச்சு, பின்னணி, பெயர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் அது இன்னொருவரின் படைப்பு.

சட்டம் விட்டுவைத்திருக்கும் இடம்

சட்டத்தின் 52ஆம் பிரிவு நியாயமான கையாளுகை என்று சிலவற்றை அனுமதிக்கிறது: ஆராய்ச்சி உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாடு, விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்பு நிகழ்வுகளைத் தெரிவித்தல். அமெரிக்கச் சட்டத்தைப் போல எந்த நோக்கத்தையும் எடைபோட்டுப் பார்க்கும் திறந்த ஏற்பாடு இது அல்ல. உங்கள் படைப்பு இந்தப் பட்டியலில் எங்காவது பொருந்த வேண்டும். அதனால்தான் விமர்சனம் என்ற சொல் ரசிகருக்கு இவ்வளவு முக்கியமாகிறது.

அந்தச் சொல் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு நமக்குக் கிடைத்த மிக நல்ல சான்று கேரளத்தில் இருக்கிறது. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற அரசியல் நாடகம் 1952இல் அரங்கேறியது. பல ஆண்டுகள் கழித்து சிவிக் சந்திரன் அதற்கு ஓர் எதிர்நாடகம் எழுதினார். மூலத்தின் கதாபாத்திரங்களும் உரையாடல்களும் அதில் கணிசமாக இடம்பெற்றன. ஆனால் அவை அந்த நாடகத்தையும் அது முன்வைத்த நம்பிக்கையையும் கேள்வி கேட்பதற்காகவே மேடைக்கு வந்தன. தடை கோரி வழக்கு வந்தபோது, கேரள உயர் நீதிமன்றம் 1996இல் தடை விதிக்க மறுத்தது. அது பார்த்தவை மூன்று: சொல்லவந்த விமர்சனத்தோடு ஒப்பிட எவ்வளவு எடுக்கப்பட்டிருக்கிறது, எந்த நோக்கத்துக்காக எடுக்கப்பட்டிருக்கிறது, இரண்டு படைப்புகளும் ஒரே பார்வையாளரை நோக்கிப் போட்டியிடுமா என்பவை.

ரசிகர் புனைகதை எழுதுபவர்கள் இந்த மூன்றையும் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு தொலைக்காட்சித் தொடரின் ஜோடியை வைத்துப் பிரதிலிபியிலோ வாட்பேடிலோ நீங்கள் எழுதும் கதை, அந்தத் தொடரில் மாமியாரின் பார்வையில் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறதா, நாயகனின் செயலைக் கண்டிக்கிறதா, அல்லது ஒளிபரப்பான காட்சிகளையே உரைநடையில் திரும்பச் சொல்கிறதா? முதல் இரண்டும் வலுவானவை. மூன்றாவது சட்டப்படியும் பலவீனம், எழுத்தாகவும் பலவீனம். மூலத்தை எழுதியவருக்குத் தம் படைப்பு இழிவுபடும்படி சிதைக்கப்படுவதைத் தடுக்கும் தனி உரிமையை 57ஆம் பிரிவு தருகிறது என்பதையும், உரிமையை விற்றுவிட்ட பிறகும் அது அவரிடமே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். உண்மையான நடிகர் நடிகையரையே பாத்திரமாக்கி எழுதினால் பிரச்சினை பதிப்புரிமையைத் தாண்டி அவதூறுக்கும் அந்தரங்கத்துக்கும் போய்விடும். அதைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

விமர்சனக் காணொளி செய்பவர்கள் காட்சித் துணுக்குகளைப் பயன்படுத்தும்போது, ஒவ்வொரு துணுக்கும் நீங்கள் அந்த நிமிடத்தில் பேசும் கருத்துக்குச் சான்றாக நிற்க வேண்டும். ஒளிப்பதிவைப் பற்றிப் பேசும்போது அந்த ஒளி தெரியும் காட்சி வரலாம். பொதுவாகக் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் படம் ஓடிக்கொண்டே இருந்தால் அது விமர்சனம் என்ற கூரைக்குள் வராது. தொகுத்து முடித்ததும் குரலை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள். மூலப்படத்தைப் பார்த்த திருப்தி கிடைத்துவிடுகிறது என்றால் அளவுக்கு மீறி எடுத்திருக்கிறீர்கள்.

பத்து விநாடிக்குள் இருந்தால் தவறில்லை, முப்பது விநாடி வரை போகலாம் என்று சொல்லப்படும் கணக்குகளுக்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை. யஷ்ராஜ் திரைப்பட நிறுவனம் இந்தியா டிவி மீது தொடுத்த வழக்கில், பொருட்படுத்தத் தகாத அளவுக்குச் சிறிய பயன்பாடு மீறலாகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2012இல் ஏற்றுக்கொண்டது உண்மை. ஆனால் அங்கும் விநாடிக் கணக்கு மட்டும் தீர்மானிக்கவில்லை. எவ்வளவு தீங்கு, என்ன நோக்கம் என்பவையும் பார்க்கப்பட்டன.

திரையரங்கில் கைப்பேசியை எடுக்க வேண்டாம்

முதல் நாள் முதல் காட்சியில் நாயகன் திரையில் தோன்றும் நொடியை விசிலும் கைதட்டலும் சேர்த்துப் பதிவுசெய்து ஸ்டேட்டஸ் வைப்பது இங்கே பண்டிகையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி, திரையரங்கில் ஓடும் படத்தை அனுமதியின்றிப் பதிவுசெய்வதற்குக் குறைந்தது 3 மாதமும் அதிகபட்சம் 3 ஆண்டும் சிறைத்தண்டனை உண்டு. அபராதம் 3 லட்சம் ரூபாயில் தொடங்கி, படத்தின் மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை போகலாம். கொண்டாட்டத்தைப் பதிவுசெய்ய விரும்பினால் வாசலில் நடக்கும் மேளதாளத்தையும் கட்அவுட்டையும் எடுங்கள். திரை சட்டகத்துக்குள் வரவே வேண்டாம்.

பணம் கலக்கும் இடம்

காசு வாங்காமல் செய்தால் எல்லாம் சரி என்பது முழு உண்மையில்லை; காசு வாங்கினால் நிலைமை மோசமாகும் என்பது முழு உண்மை. ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொடரின் ரசிகர்கள் பல ஆண்டுகளாகச் சொந்தச் செலவில் படம் எடுத்துவந்தார்கள். உரிமையாளர்கள் பெரும்பாலும் கண்டும் காணாமல் இருந்தார்கள். அக்ஸனார் என்ற ரசிகர் படம் பொதுமக்களிடம் 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டித் தொழில்முறைப் படமாக வளர்ந்தபோது, 2015 டிசம்பரில் உரிமையாளர்களான சிபிஎஸும் பாரமவுண்டும் வழக்குத் தொடுத்தன. நியாயமான பயன்பாடு என்ற வாதத்தை நீதிமன்றம் 2017 ஜனவரியில் ஏற்க மறுத்தது. அதே மாதத்தில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. இடையில் 2016இல் உரிமையாளர்கள் எல்லா ரசிகர்களுக்கும் பொதுவான விதிகளை வெளியிட்டார்கள்: ஒரு கதை 15 நிமிடத்துக்குள், இரண்டு பகுதியானால் மொத்தம் 30 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், திரட்டும் நிதி 50,000 டாலரைத் தாண்டக் கூடாது. ஒரே ஒரு குழு எல்லை கடந்ததன் விலையை மற்ற எல்லா ரசிகர்களும் கொடுக்க நேர்ந்தது.

நம் ஊரில் பனியன், கைப்பேசி உறை, சுவரொட்டி என்று விற்கும் ஓவியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நடிகரின் முகத்தை நீங்களே வரைந்திருந்தாலும், அதைப் பொருளில் அச்சிட்டு விற்கும்போது அவருடைய ஆளுமை உரிமை, அதாவது தம் பெயரையும் முகத்தையும் பிறர் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமை, குறுக்கே வரும். ரஜினிகாந்தின் பெயரைத் தலைப்பில் பயன்படுத்திய ஒரு படத்துக்கு எதிரான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் அந்த உரிமையை ஏற்றுத் தடை விதித்திருக்கிறது. விற்க விரும்புபவர்கள் உரிமைக்காலம் முடிந்த இலக்கியத்திலிருந்து தொடங்குவது நல்லது. நம் மொழியில் அதற்குப் பஞ்சமில்லை.

வசனமொழிபெயர்ப்பு பற்றி ஒரு சொல். பிறமொழிப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிப் பகிர்வது அன்பான உழைப்புதான். ஆனாலும் மொழிபெயர்க்கும் உரிமை மூல உரிமையாளருடையது. ரசிகர் சப்டைட்டில்களுக்காக வாதாடிய ஓர் அமைப்பின் வழக்கில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் 2017இல் அதையே உறுதிப்படுத்தியது. அந்தத் திறமை இருப்பவர்கள் குறும்பட இயக்குநர்களையும் ஆவணப்பட இயக்குநர்களையும் நேரடியாக அணுகினால், அனுமதியோடும் பெயரோடும் செய்ய வாய்ப்புக் கிடைக்கும்.

சக ரசிகரின் படைப்பும் படைப்புதான்

பெரிய நிறுவனங்களைக் கண்டு அஞ்சுகிறவர்கள்கூட, இன்னொரு ரசிகர் வரைந்த படத்தைக் கேட்காமல் எடுத்துக் கையெழுத்தை வெட்டிவிட்டுத் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். வழக்குப் போட வசதியில்லாதவரின் உரிமையும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். நீங்கள் வரைந்த பூங்குழலி ஓவியத்தை என்னுடைய கதையின் மூன்றாம் அத்தியாயத்துக்கு முகப்பாக வைக்க விரும்புகிறேன். படத்தை வெட்டவோ நிறம் மாற்றவோ மாட்டேன். உங்கள் பெயரும் பக்கத்தின் இணைப்பும் படத்துக்கு நேர் கீழே இருக்கும். இதில் எனக்கு வருமானம் எதுவும் இல்லை. பின்னாளில் எடுத்துவிடச் சொன்னால் உடனே எடுத்துவிடுவேன். உங்கள் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

எந்தப் படம், எங்கே, எப்படி, பணம் உண்டா, எப்போது நிறுத்தலாம் என்ற ஐந்துக்கும் இதில் பதில் இருக்கிறது. பதில் வராவிட்டால் அனுமதி இல்லை என்றுதான் பொருள். வந்த பதிலைத் திரைப்பிடிப்பாகச் சேமித்து வையுங்கள். குழுவை நடத்துபவர்கள் இதையே நுழைவு விதியாக வைத்து, மூலம் குறிப்பிடாத பதிவுகளை அன்றே நீக்கினால் பாதிச் சண்டைகள் எழாது.

உங்கள் சொந்தப் படைப்புக்கு உரிமை உருவாக்கிய கணத்திலேயே வந்துவிடுகிறது; பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்தால் அது நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாகும். இலக்கியத்துக்கும் ஓவியத்துக்கும் கட்டணம் 500 ரூபாய், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதைவிட அன்றாடம் உதவுவது பென்சில் வரைவு, அடுக்குகள் கலையாத மூலக்கோப்பு, தேதியுள்ள கையெழுத்துப் பிரதி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது.

அறிவிப்பு வந்தால்

யூடியூபில் வரும் கிளெய்மும் ஸ்ட்ரைக்கும் வேறுவேறு. கிளெய்ம் என்பது பெரும்பாலும் இயந்திரம் ஒலியையோ காட்சியையோ அடையாளம் கண்டு போடுவது. விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், சில இடங்களில் காணொளி தடைபடலாம், ஆனால் சேனலுக்குக் களங்கமில்லை. அதை மறுத்தால் எதிர்த்தரப்பு 30 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். ஸ்ட்ரைக் என்பது சட்டப்படியான நீக்கக் கோரிக்கையால் வருவது. 90 நாட்களில் காலாவதியாகும், அதற்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். இதற்கு எதிர் அறிவிப்பு அனுப்பலாம். அமெரிக்கச் சட்டப்படி நடக்கும் இந்த நடைமுறையில், 107ஆம் பிரிவின் வாதம் உண்மையில் பொருந்துவது இங்கேதான். எதிர் அறிவிப்பு போனபின் எதிர்த்தரப்பு 10 வேலை நாட்களுக்குள் வழக்குத் தொடுத்ததற்குச் சான்று காட்டாவிட்டால் காணொளி திரும்ப வரும். ஆனால் உங்கள் முழுப்பெயரும் முகவரியும் அவர்கள் கைக்குப் போகும் என்பதைத் தெரிந்துகொண்டு, பெற்றோரிடமோ வழக்கறிஞரிடமோ கலந்துபேசிய பிறகே அனுப்புங்கள். "இது ரசிகர் வீடியோ, மன்னித்துவிடுங்கள்" என்று எழுதுவதால் பயனில்லை. எந்த நிமிடத்தில் எந்தத் துணுக்கு, அதன்மேல் என்ன கருத்து என்று குறிப்பிட்டு எழுதுங்கள். முன்பு போட்ட அடுக்குத் தாள் இப்போது கைகொடுக்கும்.

இணையதளங்கள் ஒரு படைப்புக்கு இணைப்புத் தருவதற்காக அதைத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும்போது, இந்தியச் சட்டத்திலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. எழுத்துமூலம் புகார் வந்தால், சேமித்து வைத்திருப்பவர் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறக்கலாம்.

வழக்கறிஞரின் கடிதமே வந்துவிட்டால் அதை ஒதுக்கிவைக்க வேண்டாம். கோபத்தில் அதைப் படமெடுத்துப் பொதுவில் போடவும் வேண்டாம். தெரிந்தே மீறுவதற்கு 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக ஆதாயம் இல்லாதபோது, தக்க காரணம் காட்டி நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். படைப்பைப் பொதுப்பார்வையிலிருந்து எடுத்து மறைத்து வையுங்கள், ஆனால் மூலக்கோப்பையும் செய்திப் பரிமாற்றங்களையும் அழிக்காதீர்கள். கடிதத்தில் எந்தப் படைப்பு, எந்த உரிமை, அனுப்பியவர் உண்மையான உரிமையாளரா என்ற மூன்றும் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் விளக்கம் கேட்டு எழுதலாம். ஆதாரமில்லாமல் மிரட்டுகிறவர் மீது 60ஆம் பிரிவின்படி நீங்களே நீதிமன்றத்துக்குப் போகவும் வழி இருக்கிறது.